வெள்ளிமலை முத்திரை

7

ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து வெண்டைக்காய்க்குப் பட்டை எண்ணுகிறவனைப் பற்றிப் பக்கத்து சீட்டுக்காரர் என்ன நினைப்பார்? நவுஷாத்தின் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து, பின்னால் போய் நின்றுகொண்டார்.

"எட்டு பாஸ். கரெக்டா எட்டு" என்றான் நவுஷாத்.

ஜன்னலோரம் சடையன் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தால் நீங்கள் ஏமாந்தீர்கள். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் 'சடையன், தனியார் துப்பறிவாளர்' என்று பலகை மாட்டிப் பல வருஷமாகிறது. பலகையைப் பார்த்துவிட்டு ஆடு காணோம் என்று வந்தவர்கள்தான் அதிகம். ஆட்டையும் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். அவருடைய உதவியாளன் நவுஷாத்துக்கு இருபத்தேழு வயது. வாய்க்கு மட்டும் வயது கொஞ்சம் கம்மி.

"டவுன் வெண்டைக்காய்க்கு அஞ்சு பட்டை. இந்த மலை வெண்டைக்கு எட்டு. அட்டையில குத்துன பூவுக்கும் எட்டு இதழ். அப்போ அட்டைய மேல வெச்சித்தான் செஞ்சிருக்கணும். வெங்கடேசன் உசுரோட மலையில இருக்கறான். கேஸ் முடிஞ்சிது பாஸ்."

"முடிஞ்சா சரி" என்றார் சடையன், கண்ணைத் திறக்காமல்.

வெங்கடேசன் காணாமல் போனது செப்டம்பரில். இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த அந்த வாரத்தில் இந்தப் பக்கத்து ரோடுகளில் மாட்டுவண்டிகூடப் போகவில்லை. நூறு வருஷத்துப் புளியமரங்களை அறுத்துக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். மறியலுக்குப் போகிறேன் என்று கச்சிராயபாளையத்திலிருந்து கிளம்பிப் போன வெங்கடேசன் திரும்பவில்லை. மரம் அறுத்தவர்கள் மீதெல்லாம் கேஸ் என்று பேச்சு வந்தபோது, அவன் போலீசுக்குப் பயந்து கல்வராயன் மலைக்குள் ஒளிந்துகொண்டான் என்றார்கள். அப்படி ஒளிந்தவர்கள் நிறையப் பேர். மற்றவர்கள் எல்லாம் தீபாவளிக்குள் இறங்கி வந்துவிட்டார்கள்.

இப்போது பொங்கல் வருகிறது. போன வாரம் அவன் மனைவி செவ்வந்திக்குத் தபாலில் ஒரு அட்டை வந்தது. முத்திரை வெள்ளிமலை. அதை எடுத்துக்கொண்டு அவள் நேராக விழுப்புரம் வந்தாள். அந்தப் பெண் உட்கார்ந்திருந்த விதத்தை நவுஷாத்தால் மறக்க முடியவில்லை. அழவில்லை, கெஞ்சவில்லை. ரேஷன் கடையில் முறை வரட்டும் என்று நிற்கிறவளைப் போல இருந்தாள்.

"எனக்கு அழுவையும் வர்லீங்க, சந்தோஷமும் வர்ல. பல்லு புடுங்கறதுக்கு ஊசி போட்டா இருக்குமே, ஒடம்பு பூரா அப்பிடி இருக்குது. அவரு எங்க இருக்காருன்னு கண்டுபுடிச்சி சொல்லுங்க. இல்லன்னா நான் புள்ளயத் தூக்கிக்கினு மலைக்குப் போயிடுவேன். ஊர் ஊரா தேடுவேன். மூட்ட கட்டி வெச்சிட்டேன்."

மூன்று வயதுப் பெண் குழந்தையோடு, மார்கழிக் குளிரில், கரடி நடமாடுகிற மலையில். அவள் சொன்னதைச் செய்கிறவள் என்பதில் சடையனுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அதனால்தான் ஆட்டுக் கேஸ் இரண்டைத் தள்ளி வைத்துவிட்டு இன்று விடியற்காலையிலேயே மலை ஏறினார். வெள்ளிமலையில் டீக்கடை, தபால் ஆபீஸ், சந்தை, கோயில் என்று வெங்கடேசனின் போட்டோவை எல்லோரிடமும் காட்டியாகிவிட்டது. ஒருவரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. கிடைத்ததெல்லாம் ஒரு பை வெண்டைக்காய்.

பஸ் சமவெளிக்கு வந்து கோமுகி அணையைத் தாண்டியது. ரோட்டின் இரண்டு பக்கமும் அடிமரங்கள் மட்டும் நின்றன. சிலவற்றின் மேல் ஆட்கள் உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். நிழல் போய்விட்டதே என்றுகூட யாரும் பேசிக்கொள்ளவில்லை. நவுஷாத் ஒரு ஜோக் சொல்ல வாயெடுத்தான். வரவில்லை. இந்த அடிமரங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு அப்படித்தான் இருந்தது.

"அட்டைய எடு" என்றார் சடையன்.

கையால் செய்த வாழ்த்து அட்டை. முகப்பில் செவ்வந்திப் பூ வடிவத்தில் ஒரு வெட்டு. அதன் வழியே உள்ளே ஒட்டிய சிவப்புக் காகிதம் தெரிந்தது. இரண்டு பக்கமும் ஸ்டென்சில் வைத்துப் பச்சை தெளித்த கரும்பு. ஓரம் முழுக்க வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிச் சாயத்தில் தோய்த்துக் குத்திய பூக்கள். உள்ளே ஸ்டென்சில் எழுத்தில் 'சுகம். வர வேண்டாம்.' முகவரியும் ஸ்டென்சில்தான். கையெழுத்து என்று ஒரு புள்ளி கிடையாது.

"கையெழுத்த போலீஸ் பார்த்துடும்னு பயம்" என்றான் நவுஷாத். "பூ வெட்டு ஒண்ணே போதும். பொண்டாட்டி பேருக்குன்னு அந்தாளே இரும்புப் பட்டைய வளைச்சி செஞ்ச டை, வெட்டுற அச்சுன்னு அந்தம்மா சொன்னாங்களே. அத்த வேற யாரு எடுப்பாங்க?"

"டை எங்க இருக்குது?"

"கள்ளக்குறிச்சியில. அந்தாளு வேலை பார்த்த பட்டறையில."

"ஆளு மலை மேல. டை கீழ. வெண்டைக்காவுக்கு எட்டு பட்டைன்னு எண்ணத் தெரிஞ்சவனுக்கு இது தெரியலியா?"

நவுஷாத் வெண்டைக்காய்ப் பையைச் சீட்டுக்கு அடியில் தள்ளினான்.

கள்ளக்குறிச்சி கடைவீதிக்குப் பின்னால், அரிசி மண்டிச் சந்தில் இருந்தது காஜா மைதீனின் பட்டறை. பொங்கல், தீபாவளி, ரம்ஜான், கிறிஸ்துமஸ் எல்லாவற்றுக்கும் அங்கே கையால் அட்டை செய்வார்கள். வெங்கடேசன் டை செய்கிறவன். அவன் தம்பி கந்தசாமியும் அங்கேதான் வேலை. அண்ணன் தம்பி இருவரும் ஒரே டவுன் பஸ்ஸில் கச்சிராயபாளையத்திலிருந்து வந்து போனவர்கள்.

உள்ளே பொங்கல் அவசரம். கூரையிலிருந்து குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டிக் காயாத அட்டைகளைக் கிளிப்பில் மாட்டியிருந்தார்கள். குனிந்துதான் நடக்க வேண்டும். நவுஷாத்தின் தலையில் பச்சைச் சாயம் ஒட்டியது.

"சலாம் பாய். ஒங்க பட்டறைக்கு வந்தா தலைக்கு டை ஓசின்னு சொல்லவே இல்லியே" என்றான்.

காஜா மைதீனுக்குச் சிரிப்பு வந்தது. கனத்த உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. வெங்கடேசன் பேரைக் கேட்டதும் சிரிப்பு நின்றது.

"அவன் போன பொறவு புது டை ஒண்ணுகூட செய்யல. பழசையே வெச்சி ஓட்டிக்கினு இருக்கேன். எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். இன்னா வேணும் கேளுங்க."

சடையன் அட்டையை நீட்டினார். பாய் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு அலமாரியைத் திறந்து, பலகையில் பதித்த பூ டையை எடுத்து வந்தார். அட்டையின் வெட்டின் மேல் வைத்தார். இதழுக்கு இதழ் பொருந்தியது. கீழ் இதழ் ஒன்றில் சின்னப் பிசிறு. டையின் இரும்பிலும் அதே இடத்தில் ஒரு பல்.

"இந்தப் பல்லு தீவாளி நேரத்துல உழுந்துது. எலி தட்டி விட்டு டை கீழ விழுந்துடுச்சி" என்றார் பாய். "அப்போ இது தீவாளிக்குப் பொறவு வெட்டுனது."

நவுஷாத் நிமிர்ந்தான். "அவன்கிட்ட பட்டறை சாவி இருந்துதா பாய்?"

"இருந்துது."

"பாஸ், கேட்டீங்களா? ராவோட ராவா எறங்கி வந்து, வெட்டிக்கினு, திரும்பவும் மேல போயிருக்கறான். ஆளு உசுரோடதான் இருக்கறான். வெண்டைக்காவே மலையிலருந்து கொண்டாந்துருப்பான்."

"வெண்டைக்காயா?" ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண் தலை தூக்கினாள். பச்சையம்மாள், பட்டறையில் பழைய ஆள். அவள் முன்னால் ஒரு கூடை வெண்டைக்காய் நறுக்கிக் கிடந்தது. "மலைக்கு இன்னாத்துக்குப் போவணும்? வாரா வாரம் சந்தைக்கு வருது. எட்டு பட்டையா இருந்தா பூ நெறைஞ்சாப்புல விழுவுதுன்னு பாய் இத்ததான் வாங்குவாரு."

சடையன் உதவியாளனைப் பார்த்தார். உதவியாளன் கூரையைப் பார்த்தான். பஸ்ஸில் ஒருவர் சீட்டை விட்டுப் போனதெல்லாம் வீண்.

சடையன் பாயை விட்டுவிட்டுப் பச்சையம்மாளின் எதிரில் போய்க் குந்தினார். அவள் முடிந்த அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, கிண்ணத்தில் குழைத்திருந்த மஞ்சளைக் கட்டை விரலில் தொட்டு, நான்கு மூலையிலும் ஒற்றி ஒற்றி அடுக்கினாள். அதற்கு முன்னால், 'பொங்கல் நல்வாழ்த்து' என்று செதுக்கிய மரக்கட்டையைத் தங்கச் சாயத்தில் தொட்டு உள்பக்கம் ஒரு குத்து.

"எல்லா அட்டைக்கும் மஞ்சள் உண்டாம்மா?"

"பொங்கல் அட்டைன்னா உண்டு. மஞ்சள் இல்லாத காயிதம் வூட்டுக்கு வந்தா சனங்க கையில வாங்குமா? கருமாதி சேதின்னுல்ல பதறிப் பூடும்? கடைக்காரங்க மூலைய பார்த்துட்டுத்தான் கட்டு எடுப்பாங்க."

"சாவு விழுந்த வூட்டுக்கு இந்த அட்டைய அனுப்புவாங்களா?"

"நல்லா கேட்டீங்க போங்க! வருஷம் திரும்பற வரிக்கும் அந்த வூட்டுக்கு ஏது பொங்கலு, ஏது வாழ்த்து?"

சடையன் தன் கையிலிருந்த அட்டையை அவளிடம் கொடுத்தார். அவள் திறந்தாள், மூடினாள், திருப்பினாள். மூலைகளை விரலால் தடவினாள். நான்கும் வெள்ளை. உள்ளே வாழ்த்துக் கட்டை குத்தவில்லை. பச்சையம்மாளின் முகம் மாறியது. அட்டையைத் தரையில் வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"ஒருவேளை மஞ்சள் கெடைச்சிருக்காது" என்றான் நவுஷாத்.

"மலையிலயா?" என்றார் சடையன்.

காலையில் அவர்கள் நடந்து வந்த வழியெல்லாம் மஞ்சள்தான் விளைந்து கிடந்தது.

அவனுக்கு அப்போதுதான் புரிய ஆரம்பித்தது. கரும்பு இருக்கிறது, பூ இருக்கிறது, சுகம் என்று எழுதியும் இருக்கிறது. வாழ்த்தும் மஞ்சளும் மட்டும் இல்லை. பொய் சொல்லத் துணிந்த ஒரு கை, அந்த இரண்டு இடத்தில் மட்டும் நின்றுவிட்டிருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

"கந்தசாமி எங்க பாய்?" என்றார் சடையன்.

பின்கட்டில் கை பிரஸ்ஸில் அட்டை வெட்டிக்கொண்டிருந்தவன் வந்தான். இருபத்தி மூன்று, இருபத்தி நாலு வயது. நாலைந்து நாள் தாடி. தூங்காத கண்.

"தம்பி, எனக்கு ஒரு பொங்கல் அட்டை வேணும். மொதல்லருந்து கடைசி வரிக்கும் நீ ஒருத்தனே செய்யணும். ஒன் அண்ணன் வேலைய பார்த்தேன். ஒன் வேலையவும் பார்க்கலாம்னுதான்."

கந்தசாமி பாயைப் பார்த்தான். பாய் தலையாட்டினார். அவன் உட்கார்ந்தான்.

நல்ல வேலைக்காரன். பானை டையை வைத்து ஒரே அழுத்தில் வெட்டினான். எக்ஸ்ரே பிலிமில் வெட்டிய கரும்பு ஸ்டென்சிலை வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பச்சையைத் தெளித்தான். பிலிமில் யாருடைய விலா எலும்போ தெரிந்தது. வெண்டைக்காயை எடுத்து ஓரத்தில் வரிசையாகப் பூக் குத்தினான். ஊதினான். காய்ந்ததும் அட்டையைத் தூக்கிப் பச்சையம்மாள் பக்கம் தள்ளினான்.

"முடிஞ்சிதுங்க. வாழ்த்து அக்கா குத்தும்."

"நீயே குத்து."

"பழக்கம் இல்லீங்க."

"இன்னாடா பழக்கம் இல்ல?" என்றார் பாய். "போன பொங்கல் பூரா வாழ்த்துக் கட்டை ஒங்கிட்டதான இருந்துது?"

"தீவாளிக்கும் இப்பிடித்தான் பாய்" என்றாள் பச்சையம்மாள் மெல்ல. "கை வலிக்குதுன்னு கட்டைய என்னாண்ட குடுத்துட்டான். இப்போ மஞ்சக் கிண்ணத்தயும் தொட மாட்டான். சோம்பேறித்தனம்னு நெனச்சேன்."

சடையன் மரக்கட்டையை எடுத்துக் கந்தசாமியின் கையில் வைத்தார். அவன் பிடித்துக்கொண்டான். தங்கச் சாயத்தில் தொட்டான். அட்டைக்கு மேலே கொண்டுபோனான். அங்கேயே கை நின்றது. கட்டையிலிருந்து சாயம் சொட்டி அட்டையில் பரவியது.

"ஒன் வூட்டுல யாருப்பா செத்தது?" என்றார் சடையன்.

கந்தசாமி கட்டையைக் கீழே வைத்தான். அழுவான் என்று நவுஷாத் எதிர்பார்த்தான். அவன் கொட்டாவி விட்டான். பல நாள் தூக்கம் மொத்தமும் அந்த ஒரு கொட்டாவியில் வந்தது.

"அண்ணந்தாங்க."

அவன் சொன்னது கொஞ்சம்தான். அணைக்கட்டு ரோட்டில் ஒரு பெரிய புளியமரம். வெங்கடேசன் மேலே ஏறிக் கயிறு கட்டிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தான். கீழே ரம்பம் பிடித்திருந்தது கந்தசாமி. மரம் நினைத்த பக்கம் சாயவில்லை.

"தூக்கறதுக்குள்ள போயிடுச்சிங்க. போலீஸ் லாரி வருதுன்னாங்க. மத்த ஊர்ல சுட்டாங்கன்னு சேதி வந்த நேரம். பாடிய வூட்டுக்கு எடுத்துக்கினு போனா எல்லார் மேலயும் கொலக் கேஸ்னு பயந்துட்டாங்க. மலை அடிவாரத்துல நாங்களே கொளுத்திட்டோம். நாலு நாள் கழிச்சி சொல்லிக்கலாம்னாங்க. நாலு நாள் கழிச்சி எப்பிடி சொல்றதுங்க?"

"அட்டை?"

"அண்ணி மலைக்குப் போறேன்னு மூட்ட கட்டிடுச்சி. பாப்பாவ வேற தூக்கிக்கினு. வராதேன்னு அண்ணனே சொன்னா நிக்கும்னு நெனச்சேன். வெள்ளிமலைக்குப் போயி பெட்டியில போட்டேன். வர வேணாம்னு சொல்லப் போயி, போற எடத்த நானே காட்டிட்டேன்."

"மஞ்சள் வெச்சிருந்தா நாங்க கண்டுபுடிச்சிருக்க மாட்டோமே தம்பி" என்றான் நவுஷாத். அவன் குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது.

"தெரியும்ணா. கிண்ணத்துல வெரல வெச்சேன். அண்ணன் செத்த வூட்டுக்கு எப்பிடிண்ணா மஞ்சள் வைக்கிறது?"

காஜா மைதீன் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். பிறகு அதை எங்கே வைத்தோம் என்று தேடினார்.

டவுன் பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் போனார்கள். நடுவில் கந்தசாமி. ஓடிவிடுவானோ என்று நவுஷாத்துக்குப் பயமில்லை. அவனுக்குப் போக இடம் இல்லை. கச்சிராயபாளையத்தில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. கரும்பு லோடு ஏற்றிய டிராக்டர்கள் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தன. பிள்ளைகள் பின்னால் ஓடிக் கரும்பு உருவினார்கள். தெருவில் வெள்ளையடிக்கும் வேலை நடந்தது. செவ்வந்தியின் வீட்டுச் சுவரும் பாதி வெள்ளையாக இருந்தது.

"நீங்களே சொல்லிடுங்க சார்" என்றான் கந்தசாமி.

"கண்டுபுடிக்கிறது என் வேலை" என்றார் சடையன். "சொல்ல வேண்டியவன் நீ. போலீஸுக்கு எப்பிடி சொல்றதுன்னு பொறவு நான் கூட வரேன். மொதல்ல இங்க."

செவ்வந்தி வாளியோடு உள்ளேயிருந்து வந்தாள். கையெல்லாம் சுண்ணாம்பு. நெற்றியில் பொட்டு. கதவோரம் அவள் சொன்ன மூட்டை இருந்தது. அதன் மேல் ஏறி உட்கார்ந்து குழந்தை சந்தியா முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். செவ்வந்தி மூவரையும் பார்த்தாள். கொழுந்தனின் முகத்தில் பார்வை நின்றது. வாளியைக் கீழே வைத்தாள்.

"அண்ணி" என்றான் கந்தசாமி. "அந்த அட்டைய நாந்தான் செஞ்சேன்."

அதற்கப்புறம் அவன் சொன்னதையெல்லாம் அவள் நின்றபடியே கேட்டாள். மரம் என்றபோது ஒருமுறை கண்ணை இமைத்தாள். குழந்தை இறங்கி வந்து அவள் புடவையைப் பிடித்தது. அவள் குனிந்து அதன் வாயோரத்து முறுக்குத் தூளைத் துடைத்துவிட்டாள். சுண்ணாம்புக் கையோடு துடைத்ததில் குழந்தையின் கன்னம் வெளுத்துப் போயிற்று.

நவுஷாத்துக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆறுதல் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. விளையாட்டுப் பேச்சுக்கு இது இடமில்லை. வாய் இருந்தும் உதவாத நிலையில் அங்கே நிற்பது அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"எந்தக் கெழம?" என்றாள் செவ்வந்தி.

"அண்ணி?"

"அவரு செத்தது எந்தக் கெழம? நான் அன்னிக்கு இன்னா பண்ணிக்கினு இருந்தேன்னு தெரியணும்."

"ஞாயித்துக்கெழம அண்ணி. மத்தியானம்."

அவள் யோசித்தாள். கணக்குப் போடுகிற பிள்ளையைப் போல உதடு அசைந்தது.

"ஞாயித்துக்கெழம கடை கண்ணி ஒண்ணும் இல்ல. வூட்டுல இருந்த கருவாட்டப் போட்டு கொழம்பு வெச்சேன். நீ இருட்டுனதும் வந்த. தலையோட தண்ணி ஊத்திக்கினு வந்த. இன்னாடா இந்த நேரத்துல குளியல்னு கேட்டதுக்கு, மரம் அறுத்த தூசுன்ன."

கந்தசாமி தலை குனிந்தான்.

"சோறு போட்டேன். ரெண்டாந்தரம் கேட்ட. கொழம்பு கம்மியாத்தான் இருந்துது." அவள் குரலில் கோபம் இல்லை, எதுவுமே இல்லை. "அவரு வந்தா வேற ஆக்கிக்கலாம்னு, அவருக்கு எடுத்து வெச்சிருந்தத ஊத்துனேன். பார்த்துக்கினே துன்னியேடா."